ஜாவா லாக் கோப்புகள்: எங்கே வெட்டுவது, என்ன பெயர் வைப்பது, எப்போது அழிப்பது

அப்ளிகேஷன் தான் செய்வதையெல்லாம் எழுதி வைக்கும் பதிவுதான் லாக். லாக்கில் ஒரு வரி சராசரியாக 200 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்ளிகேஷன் நொடிக்கு 300 வரி எழுதுகிறது. நொடிக்கு 60,000 பைட். ஒரு நாளைக்கு 86,400 நொடி. பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்கு 5 ஜிபிக்கு மேல் வருகிறது. 50 ஜிபி காலியிடம் உள்ள சர்வர் பத்தே நாளில் நிரம்பிவிடும். டிஸ்க் நிரம்பினால் லாக் மட்டும் நிற்பதில்லை. அதே டிஸ்க்கில் இருக்கும் டேட்டாபேஸ், தற்காலிகக் கோப்புகள், அப்லோடுகள் எல்லாம் ஒன்றாக முடங்கும். டிஸ்க் பெரிதாக இருந்தாலும் 40 ஜிபி அளவுள்ள ஒற்றைக் கோப்பை எந்த எடிட்டரில் திறந்து பிழையைத் தேடுவது?

இதற்குத்தான் லாக் சுழற்சி, அதாவது லாக் ரொட்டேஷன். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை ஒரு கட்டத்தில் மூடி, வேறு பெயரிட்டு ஒதுக்கிவிட்டு, புதிய கோப்பில் எழுத்தைத் தொடர்வது. ஒதுக்கியவற்றில் மிகப் பழையதை அவ்வப்போது நீக்குவது.

இதில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. எப்போது வெட்டுவது, வெட்டிய துண்டுக்கு என்ன பெயர், எத்தனை துண்டுகளை எத்தனை நாள் வைத்திருப்பது. புதிதாகக் கற்பவர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் கவனமாக எழுதிவிட்டு, பெயரை ஏனோதானோவென்று விட்டுவிடுகிறார்கள். ஜாவாவின் லாக் லைப்ரரிகளிலோ பெயர் வடிவம்தான் மற்ற இரண்டையும் ஆட்டி வைக்கிறது. சுழற்சியில் வரும் கோளாறுகளில் பல அந்த ஒற்றை வரியில்தான் ஒளிந்திருக்கும்.

ஒரு குறிப்பு: செட்டிங் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கான்ஃபிக் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடு முக்கியமாகும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

ஜாவாவோடு வரும் லாகர்

வெளி லைப்ரரி எதுவும் சேர்க்காமல் ஜாவாவிலேயே கிடைப்பது ஜாவா யூடில் லாகிங். இதில் கோப்பில் எழுதும் பகுதியின் பெயர் ஃபைல் ஹேண்ட்லர். முக்கியமான செட்டிங்குகள் நான்கு: பெயருக்கு பேட்டர்ன், அளவுக்கு லிமிட், எண்ணிக்கைக்கு கவுண்ட், பழைய கோப்பின் கடைசியில் தொடர்ந்து எழுத அப்பெண்ட்.

பேட்டர்னில் %ஜி என்று போட்ட இடத்தில் தலைமுறை எண் வரும். 0 என்பது எப்போதும் இப்போது எழுதப்படும் கோப்பு. அளவு எட்டியதும் 0 என்பது 1 ஆகும், 1 என்பது 2 ஆகும், கடைசியில் இருப்பது அழியும். %யு என்பது மோதல் எண். ஒரே பெயரை வேறொரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிரல், ஏற்கனவே பிடித்து வைத்திருந்தால் 0க்குப் பதில் 1, 2 என்று எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் பேட்டர்னில் போடாவிட்டால், தேவைப்படும்போது ஜாவாவே பெயரின் வாலில் புள்ளி வைத்து எண்ணைச் சேர்த்துவிடும். அப்போது வாலில் இருக்கும் 1 என்பது பழைய தலைமுறையா, இரண்டாவது புராசஸா என்று பார்த்ததும் சொல்ல முடியாது. ‘பில்லிங்-%யு-%ஜி.லாக்’ என்று இரண்டையும் வெளிப்படையாக எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. கோப்போடு சேர்ந்து எல்சிகே என்று முடியும் ஒரு குட்டிக் கோப்பும் தெரியும். அது பூட்டு. அப்ளிகேஷன் ஓடும்போது அதை நீக்கக் கூடாது.

இங்கே மூன்று இடங்களில் கால் தடுக்கும். முதலாவது, லிமிட் பைட் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். 10 எம்பி வேண்டுமென்றால் 10485760. ‘10எம்பி’ என்று எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது. எண்ணாகப் படிக்க முடியாததால் ஜாவா அதைத் தள்ளிவிட்டு இயல்பு மதிப்பான 0 என்பதை எடுத்துக்கொள்ளும். 0 என்றால் வரம்பே இல்லை என்று பொருள். கட்டுப்படுத்த நினைத்த கோப்பு கட்டுப்பாடின்றி வளரும்.

இரண்டாவது, அப்பெண்ட் இயல்பாக ஆஃப் நிலையில் இருக்கும். அதனால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் ஒரு சுழற்சியாகக் கணக்காகும். கவுண்ட் 5 என்று வைத்திருக்கிறீர்கள், அப்ளிகேஷன் ஏதோ பிழையால் விழுந்து விழுந்து எழுகிறது. ஐந்து முறை எழுந்ததும், முதல் முறை ஏன் விழுந்தது என்று சொல்லும் கோப்பு போய்விட்டது. மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் இது நடக்கும். அப்பெண்டை ஆன் செய்யுங்கள்.

மூன்றாவது, வரிகளின் வடிவத்தை அமைக்கும் ஃபார்மேட்டர் இயல்பாக எக்ஸ்எம்எல். சாதாரண வரிகள் வேண்டுமென்றால் சிம்பிள் ஃபார்மேட்டரைக் குறிப்பிட வேண்டும்.

நாள்வாரியாக வெட்டும் வசதி இதில் கிடையாது. அளவு ஒன்றுதான் அளவுகோல். சிறு கருவிகளுக்கு இது போதும். மாதக்கணக்கில் ஓடும் சர்வருக்கு லாக்பேக் அல்லது லாக்4ஜே 2 என்ற வெளி லைப்ரரிகளின் பக்கம் போய்விடுவது நல்லது.

லாக்பேக்: பெயரே கடிகாரம்

லாக்பேக்கில் ரோலிங் ஃபைல் அப்பெண்டர் கோப்பில் எழுதும். அதற்குள் வைக்கும் ரோலிங் பாலிசி எப்போது, எப்படி வெட்டுவது என்று சொல்லும். டைம் பேஸ்டு ரோலிங் பாலிசியில் ‘நாளுக்கு ஒரு முறை வெட்டு’ என்று தனியாக எழுத ஒரு செட்டிங்கே கிடையாது. ஃபைல் நேம் பேட்டர்னில் %டி என்று ஒரு தேதிக் குறி இருக்கும். அதற்குள் ஆண்டு, மாதம், நாள் வரை எழுதினால் நாள்தோறும் வெட்டும். மணி வரை எழுதினால் மணிக்கொரு முறை. மாதத்தோடு நிறுத்தினால் மாதம் ஒரு முறை. தேதியின் மிக நுண்ணிய பகுதி எதுவோ அதுவே சுழற்சியின் கால அளவு.

அங்கிருந்துதான் அடுத்த சிக்கல் பிறக்கிறது. எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதைச் சொல்லும் மேக்ஸ் ஹிஸ்டரியும் இதே அலகில்தான் எண்ணும். நாள் வடிவத்தில் 30 என்றால் முப்பது நாள். பிறகு யாரோ ஒருவர் கோப்பு பெரிதாக இருக்கிறதே என்று பெயரில் மணியையும் சேர்க்கிறார். 30 என்பதைத் தொடவே இல்லை. அன்றிலிருந்து கைவசம் இருப்பது முப்பது மணி நேர லாக் மட்டும்தான். மணிவாரியாக வெட்டி முப்பது நாள் வைக்க வேண்டுமென்றால் மேக்ஸ் ஹிஸ்டரி 720 ஆக வேண்டும்.

நாளுக்கு ஒன்று என்று வெட்டினாலும், நாம் முதலில் போட்ட கணக்குப்படி ஒரு நாள் கோப்பு 5 ஜிபியைத் தாண்டுகிறது. எனவே காலத்தோடு அளவும் வேண்டும். அதற்கு சைஸ் அண்ட் டைம் பேஸ்டு ரோலிங் பாலிசி. இதில் %டியோடு %ஐ என்ற வரிசை எண்ணும் கட்டாயம். மேக்ஸ் ஃபைல் சைஸ் 100 எம்பி என்று கொடுத்து, பெயரை ‘பில்லிங்.%டி.%ஐ.லாக்.ஜிஇசட்’ என்று அமைத்தால் கோப்புறை இப்படித் தெரியும்:

பில்லிங்.லாக்
பில்லிங்.2025-03-14.1.லாக்.ஜிஇசட்
பில்லிங்.2025-03-14.0.லாக்.ஜிஇசட்
பில்லிங்.2025-03-13.0.லாக்.ஜிஇசட்

வரிசை எண் 0இல் தொடங்கி, நாள் மாறியதும் மீண்டும் 0க்கு வரும். பெயர் ஜிஇசட் என்றோ ஜிப் என்றோ முடிந்தால் லாக்பேக் தானாகவே சுருக்கிவிடும். அதற்கும் தனி செட்டிங் கிடையாது, பெயரே போதும். லாக் என்பது திரும்பத் திரும்ப ஒரே சொற்கள் வரும் உரை என்பதால் நன்றாகச் சுருங்கும். டிஸ்க் தட்டுப்பாடு இருந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

முதல் வரியில் எண்ணே இல்லாத ‘பில்லிங்.லாக்’ இருக்கிறதே, அது அப்பெண்டரில் ஃபைல் என்ற செட்டிங்கில் கொடுத்த பெயர். அதைக் கொடுத்தால் நடப்புக் கோப்பின் பெயர் என்றும் மாறாது. வேறொரு கருவி அதைப் பின்தொடர்ந்து படிக்க வசதி. கொடுக்காவிட்டால் நடப்புக் கோப்பே தேதியுள்ள பெயரோடு பிறக்கும்.

மொத்த அளவுக்கு டோட்டல் சைஸ் கேப் இருக்கிறது. அதை மேக்ஸ் ஹிஸ்டரியோடு சேர்த்தே எழுதுங்கள். முதலில் நாள் கணக்கில் கழித்து, மிச்சம் இன்னும் கூடுதலாக இருந்தால் மொத்த அளவுப்படி பழையதிலிருந்து நீக்கும். ‘30 நாள், ஆனால் எக்காரணம் கொண்டும் 20 ஜிபியைத் தாண்டாதே’ என்பது சர்வருக்குத் தரக்கூடிய நல்ல உத்தரவு. திடீரென ஒரு பிழை லட்சக்கணக்கான வரிகளைக் கொட்டும் நாளில் நாள் கணக்கு காப்பாற்றாது, இந்த உச்சவரம்புதான் காப்பாற்றும்.

லாக்பேக்கின் இயல்புகள் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் வீண் பதற்றம் மிச்சம். நள்ளிரவு 12 மணி அடித்ததும் வெட்டு விழாது. அதற்குப் பிறகு முதல் லாக் வரி வரும்போதுதான் விழும். இரவில் யாரும் பயன்படுத்தாத அப்ளிகேஷனில் காலை ஆறு மணிக்கு முதல் வரி வந்தால், வெட்டும் ஆறு மணிக்குத்தான். பெயரில் சரியான பழைய தேதியே இருக்கும், எனவே கவலை இல்லை. அதேபோல் அளவை ஒவ்வொரு வரிக்கும் சரிபார்ப்பதில்லை, அது வேகத்தைக் குறைக்கும். 100 எம்பி என்று கொடுத்தும் சில கோப்புகள் சற்றுக் கூடுதலாக இருந்தால் அது பிழை இல்லை.

பழைய கோப்புகளை நீக்குவதும் வெட்டு விழும் நேரத்தில்தான். ஐந்து நிமிடம் ஓடி முடியும் பேட்ச் வேலைகள் நள்ளிரவைப் பார்ப்பதே இல்லை. நடப்புக் கோப்புக்குத் தேதியுள்ள பெயர் வைத்திருந்தால் அவற்றில் வெட்டே நிகழாது, நீக்கமும் நிகழாது, கோப்புகள் ஆண்டுக்கணக்கில் சேரும். இப்படிப்பட்டவற்றுக்கு கிளீன் ஹிஸ்டரி ஆன் ஸ்டார்ட்டை ஆன் செய்ய வேண்டும்.

பெயர் வடிவத்தை மாற்றும்போது இன்னொன்று நடக்கும். எந்தக் கோப்புகள் தன்னுடையவை என்பதை லாக்பேக் பெயர் வடிவத்தை வைத்தே அடையாளம் காண்கிறது. வடிவம் மாறிய நாளிலிருந்து பழைய வடிவத்துக் கோப்புகள் அதன் கண்ணில் படாது. அவற்றை நீங்களே ஒருமுறை கையால் அகற்ற வேண்டும்.

ஸ்பிரிங் பூட் பயன்படுத்துபவர்களுக்கு உள்ளே இருப்பது வழக்கமாக லாக்பேக்தான். இயல்பாக அது கோப்பில் எழுதாது. லாகிங் ஃபைல் நேம் என்ற செட்டிங்கைக் கொடுத்ததும் எழுதத் தொடங்கும். அப்போது கோப்பு அளவு 10 எம்பி, ஹிஸ்டரி 7 என்பவை இயல்பு மதிப்புகள். ஒரு வாரத்துக்கு மேல் லாக் தேவைப்படும் இடங்களில் இந்த 7ஐ மாற்ற மறந்துவிடாதீர்கள்.

லாக்4ஜே 2: ஏழு என்ற எண்

லாக்4ஜே 2இல் ஃபைல் நேம் என்பது நடப்புக் கோப்பு, ஃபைல் பேட்டர்ன் என்பது ஒதுக்கிய கோப்பின் பெயர். எப்போது வெட்டுவது என்பதை டிரிக்கரிங் பாலிசிகள் சொல்லும். காலத்துக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று, தொடக்கத்தில் வெட்ட ஒன்று, கிரான் நேர அட்டவணைக்கு ஒன்று. பலவற்றைச் சேர்த்தும் வைக்கலாம். காலப் பாலிசியில் இன்டர்வல் 4 என்று கொடுத்தால், அது நான்கு மணியா நான்கு நாளா என்பதை இங்கும் பெயரிலுள்ள தேதிதான் தீர்மானிக்கும். மாடுலேட்டை ஆன் செய்தால் வெட்டு 0, 4, 8, 12 என்று நேரான மணிகளில் விழும்.

காலம், அளவு இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு பெயரில் %ஐ போட மறந்தால் இழப்பு நேரடியானது. அன்று இரண்டாவது முறை 100 எம்பி நிரம்பும்போது, அதற்குக் கிடைக்கும் பெயரும் முதல் துண்டின் பெயரேதான். முதல் துண்டின் மேல் இரண்டாவது எழுதப்பட்டுவிடும்.

%ஐ போட்டவர்களுக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. டிஃபால்ட் ரோல்ஓவர் ஸ்ட்ராட்டஜியில் மேக்ஸ் என்பதன் இயல்பு மதிப்பு 7. இதைப் பலர் ‘ஏழு நாள் வைத்திருக்கும்’ என்று படிக்கிறார்கள். அது நாள் எண்ணிக்கை இல்லை. ஒரே தேதிக்குள் %ஐ எத்தனை வரை போகலாம் என்பதுதான் அது. நம் 5 ஜிபி அப்ளிகேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 100 எம்பியாக வெட்டினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஐம்பது துண்டு. எட்டாவது துண்டு வரும்போது முதல் துண்டு அழிக்கப்படும். நாள் முடிவில் மிஞ்சுவது கடைசி ஏழு துண்டுகள், அதாவது மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவான லாக். காலையில் நடந்த பிழையை மாலையில் தேடினால் இருக்காது. மறுபக்கம், நேற்றைய ஏழு, அதற்கு முந்தைய நாளின் ஏழு என்று பழைய தேதிகளின் கோப்புகள் அப்படியே கிடக்கும். இந்த எண் அவற்றைத் தொடவே தொடாது. தேவையானதை இழந்து, தேவையில்லாததைச் சேர்த்துக்கொள்ளும் நிலை.

சரியான வழி: மேக்ஸை 200 போல உயர்த்துங்கள், அல்லது 2.8 முதல் கிடைக்கும் ஃபைல் இன்டெக்ஸ் என்ற செட்டிங்கில் நோமேக்ஸ் கொடுங்கள். பழையதை நீக்க, அதே ஸ்ட்ராட்டஜிக்குள் டெலிட் என்ற செயலைச் சேர்க்க வேண்டும். இது 2.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. எந்தக் கோப்புறை, என்ன பெயருள்ள கோப்புகள், எத்தனை நாள் பழையவை என்று சொல்லுங்கள். பெயர் நிபந்தனையை விட்டுவிட்டால் அந்தக் கோப்புறையில் உள்ள வேறு கோப்புகளும் சேர்ந்து போகும். முதலில் டெஸ்ட் மோடை ஆன் செய்து ஓட்டிப் பாருங்கள். அது எதையும் அழிக்காமல், எவற்றை அழித்திருக்கும் என்று மட்டும் சொல்லும்.

பழைய லாக்4ஜே 1இன் டெய்லி ரோலிங் ஃபைல் அப்பெண்டர் இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. அதற்குப் பழைய கோப்புகளை நீக்கத் தெரியாது. 2015 ஆகஸ்டிலேயே அந்த வரிசைக்கான ஆதரவு முடிந்துவிட்டது. அதைச் சீர்செய்ய நேரம் செலவிடாமல் மாறிவிடுங்கள்.

தேதி எழுத்துகள்

பெயரிலுள்ள தேதி, ஜாவாவின் தேதி வடிவ எழுத்துகளால் ஆனது. பெரிய எம் மாதம், சிறிய எம் நிமிடம். நாள்தோறும் வெட்ட நினைத்து மாதத்துக்குப் பதில் சிறிய எம் போட்டால் நிமிடத்துக்கு ஒரு கோப்பு பிறக்கும். சிறிய டி மாதத்தின் நாள், பெரிய டி ஆண்டின் எத்தனையாவது நாள். பெரிய ஹெச் 24 மணிக் கணக்கு. சிறிய ஹெச் 12 மணிக் கணக்கு, அதில் அதிகாலை மூன்றும் பிற்பகல் மூன்றும் ஒரே பெயர்.

மிக நயவஞ்சகமானது ஒய். சிறிய ஒய் நாம் நினைக்கும் ஆண்டு. பெரிய ஒய் என்பது வாரக் கணக்கில் அமைந்த ஆண்டு. ஆண்டு முழுவதும் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஆண்டு மாறும் வாரத்தில் மட்டும் பிரியும். 2024 டிசம்பர் 30 திங்கட்கிழமை. அந்த வாரம் 2025இன் முதல் வாரம். பெரிய ஒய் போட்டவரின் கோப்புக்கு அன்று 2025-12-30 என்று பெயர் வரும். சோதனையில் அகப்படாமல் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிழை இது.

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே எழுதுங்கள். பெயர்வரிசைப்படி அடுக்கினால் கால வரிசையும் தானாக வந்துவிடும். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே முக்காற்புள்ளி போல இரு புள்ளிகளை வைக்காதீர்கள். விண்டோஸ் அதைக் கோப்புப் பெயரில் ஏற்காது. பல நாடுகளில் சர்வர்கள் இருந்தால், லாக்பேக்கில் தேதி வடிவத்துக்குப் பின் காற்புள்ளி வைத்து யுடிசி என்று நேர மண்டலத்தைக் குறிக்கலாம். அப்போது எல்லா சர்வரிலும் ஒரே தருணத்தில் நாள் மாறும்.

வெட்டு விழ மறுக்கும்போது

லாக் வரிகள் நன்றாக வருகின்றன, ஆனால் சுழற்சி மட்டும் நடக்கவில்லை என்றால் முதலில் கோப்புறையின் அனுமதியைப் பாருங்கள். ஒரு கோப்பில் எழுத அந்தக் கோப்பின் மேல் உரிமை போதும். பெயர் மாற்ற, கோப்புறையின் மேல் எழுதும் உரிமை வேண்டும். நிர்வாகி கோப்பை மட்டும் உருவாக்கி உரிமை கொடுத்துவிட்டுப் போன இடங்களில் சரியாக இதுதான் நடக்கும். விண்டோஸில் இன்னொரு காரணமும் உண்டு. வேறொரு நிரல் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் பெயர் மாற்றம் தோற்கலாம்.

கோப்பே காணவில்லையென்றால் பாதையைப் பாருங்கள். ‘லாக்ஸ்/பில்லிங்.லாக்’ போன்ற ஒப்புப் பாதை, அப்ளிகேஷன் எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்கியதோ அதைப் பொறுத்தது. லினக்ஸில் சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டி, வொர்க்கிங் டைரக்டரி குறிப்பிடாவிட்டால் அது ரூட் கோப்புறையாக இருக்கும். முழுப் பாதை எழுதினால் இந்தத் தேடல் மிச்சம்.

ஒரே கோப்பில் இரண்டு ஜாவா புராசஸ்களை எழுத விடாதீர்கள். ஒன்று பெயர் மாற்றும் நேரத்தில் மற்றொன்று பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும், வரிகள் சிதறும், சில தொலையும். பெயரில் ஹோஸ்ட் பெயரையோ போர்ட் எண்ணையோ சேர்த்துப் பிரித்துவிடுங்கள்.

லினக்ஸின் சுழற்சிக் கருவியான லாக்ரொட்டேட்டும் ஜாவாவின் சுழற்சியும் ஒரே கோப்பில் சேர்ந்து வேலை செய்யக் கூடாது. ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். லாக்ரொட்டேட் கோப்பின் பெயரை மாற்றினாலும், ஜாவா தான் திறந்து வைத்த அதே கோப்பில்தான் தொடர்ந்து எழுதும். கோப்பை நீக்கினாலும் இதே கதை. பட்டியலில் கோப்பு இருக்காது, டிஸ்க் இடமோ திரும்பி வராது. காபிட்ரங்கேட் என்ற வழி, நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்கிறது. நகலுக்கும் காலி செய்வதற்கும் நடுவில் வந்த வரிகள் போய்விடும். ஷெல்லில் ஒற்றை அம்புக்குறி போட்டு வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியிருந்தால், காலி செய்த பிறகும் எழுத்து பழைய இடத்திலிருந்தே தொடரும், கோப்பின் தலைப்பகுதி வெற்று பைட்டுகளால் நிரம்பித் தெரியும். இரட்டை அம்புக்குறி போட்டால் இது வராது.

கன்டெய்னருக்குள் ஓடும் அப்ளிகேஷன் என்றால் கோப்பே வேண்டாம், திரைக்கு எழுதினால் போதும். சுழற்சி, கன்டெய்னரை வெளியிலிருந்து ஓட்டும் டாக்கர், குபர்நெட்டீஸ் போன்றவற்றின் பொறுப்பு. ஆனால் அவை அதைச் செய்கின்றனவா என்று பாருங்கள். டாக்கரின் ஜேசன் ஃபைல் டிரைவருக்கு இயல்பாக அளவு வரம்பு கிடையாது. மேக்ஸ் சைஸ், மேக்ஸ் ஃபைல் இரண்டையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். குபர்நெட்டீஸில் இயல்பு 10 எம்பி அளவில் 5 கோப்பு.

எழுதியது சரிதானா என்று அறிய நள்ளிரவு வரை விழித்திருக்கத் தேவையில்லை. சோதனைக் கணினியில் பெயரிலுள்ள தேதியை நிமிடம் வரை நீட்டி, மேக்ஸ் ஹிஸ்டரியை 3 ஆகவும் கோப்பு அளவை 10 கேபி ஆகவும் குறையுங்கள். நொடிக்கு ஒரு வரி எழுதும் சிறு நிரலை ஓட்டி, ஆறேழு நிமிடம் கோப்புறையைக் கவனியுங்கள். பெயர்கள் எதிர்பார்த்தபடி பிறக்கின்றனவா, சுருங்குகின்றனவா, பழையவை மறைகின்றனவா என்று கண்ணெதிரே தெரியும். ஏதாவது நடக்கவில்லையென்றால், லாக்பேக் கான்ஃபிகரேஷனின் முதல் வரியில் டிபக்கை ட்ரூ ஆக்குங்கள். லாக்4ஜே 2 என்றால் ஸ்டேட்டஸை டிபக் ஆக்குங்கள். பெயர் மாற்றம் எங்கே தோற்றது என்று லைப்ரரியே திரையில் சொல்லிவிடும். நடுவில் ஒருமுறை நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்கி, பழைய வரிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு தேதியை நாள் அளவுக்குத் திருப்பும்போது, மேக்ஸ் ஹிஸ்டரியையும் கோப்பு அளவையும் மறக்காமல் சேர்த்தே திருப்புங்கள்.